நள்ளிரவில் நெஞ்சுவலி: எந்த ஆஸ்பத்திரி என்று அலைய வேண்டாம்

கேள்வி: கொழும்பு வெள்ளவத்தையில் வசிக்கிறோம். அம்மாவுக்கு 66 வயது, பதினைந்து வருடமாகச் சீனி வருத்தம். போன மாதம் ஒருநாள் இரவு 1.40 அளவில் உடம்பெல்லாம் வியர்த்து, மேல் வயிறு இறுக்குகிறது என்றார். காஸ் என்று நினைத்துச் சோடா கொடுத்தோம். சரிவரவில்லை. ஓட்டோவில் பக்கத்துத் தனியார் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனோம். ஈசிஜி நோர்மல் என்றார்கள், அட்மிட் பண்ண முற்பணம் கேட்டார்கள். வாசலில் நின்ற ஒருவர் வேறு இடத்தில் பெட் எடுத்துத் தருவதாகச் சொல்லி அம்புலன்ஸும் பிடித்துத் தந்தார். அங்கே போனால் பெட் இல்லை. கடைசியில் பெரியாஸ்பத்திரிக்கு, அதாவது கொழும்பு தேசிய வைத்தியசாலைக்குப் போய்ச் சேர ஐந்து மணி. அங்கேயும் இரண்டு மணித்தியாலம் கதிரையில் வைத்திருந்தார்கள், பின்னால் வந்தவர்களை முதலில் பார்த்தார்கள். இரத்தப் பரிசோதனையில் ஹார்ட் அட்டாக் என்று வந்தது. இப்போது சுகம். இன்னொரு முறை இப்படி நடந்தால் எங்கே போவது, அரசாங்கமா தனியாரா?

பதில்: எங்கே போவது என்பதைவிட, போன இடத்திலிருந்து வெளியே வராமல் இருப்பதுதான் உங்கள் விஷயத்தில் முக்கியம். அம்மாவுக்கு அன்று அதிக ஆபத்து பெரியாஸ்பத்திரிக் கதிரையில் இருக்கவில்லை. ஆஸ்பத்திரிக்கும் ஆஸ்பத்திரிக்கும் நடுவில், ரோட்டில் இருந்தது.

முதலில் வீட்டில் நடந்ததைப் பார்ப்போம். சீனி வருத்தம் நீண்டகாலம் உள்ளவர்களுக்கு நரம்புகள் மந்தமாகிவிடும். நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாயும் வலி அவர்களுக்கு வர வேண்டும் என்றில்லை. வியர்வை, சத்தி, மேல் வயிற்றில் இறுக்கம், தாடையில் நோவு, காரணமில்லாத மூச்சிரைப்பு, இவற்றில் ஒன்று மட்டும் வரலாம். பெண்களுக்கு இது இன்னும் கூடுதலாக நடக்கும். அதனால் நாற்பதைத் தாண்டிய சீனி வருத்தக்காரருக்கு இரவில் திடீரென வரும் ‘காஸ்’, ஈசிஜி எடுக்கும்வரை காஸ் இல்லை. சோடாவும் ஓமத்தண்ணீரும் கெடுதல் செய்வதில்லை, ஆனால் ஒவ்வொரு டம்ளருக்கும் இருபது நிமிஷம் போகிறது.

வியர்த்துக் கொட்டினால் வீட்டிலுள்ள மெஷினில் சீனியைப் பாருங்கள், அரை நிமிஷ வேலை. 70க்குக் கீழே இருந்தால், விழுங்கக்கூடிய நிலையில் இருந்தால் மட்டும், மூன்று தேக்கரண்டி சீனியைத் தண்ணீரில் கரைத்துக் குடிக்கக் கொடுங்கள். சீனி குறையாமலே இருந்தாலோ, சீனி ஏறிய பின்னும் இறுக்கம் போகாவிட்டாலோ இதயம் என்றே எடுங்கள். படுக்கப் போடாமல் சாய்த்து உட்கார வையுங்கள். மாடிப்படியில் நடத்த வேண்டாம். அஸ்பிரின் 300 மில்லிகிராம் ஒரு குளிசையைச் சப்பித் தின்னச் சொல்லுங்கள். வீட்டில் 75தான் இருந்தால் நான்கு. அஸ்பிரின் ஒத்துக்கொள்ளாதவர், வயிற்றுப் புண்ணில் இரத்தம் போனவர், ஒரு பக்கம் கை கால் இழுக்கிறவர், இரண்டு மூன்று நாளாகக் காய்ச்சலில் கிடப்பவர் ஆகியோருக்குக் கொடுக்கக் கூடாது. கொழும்பில் காய்ச்சல் என்றால் டெங்கு என்று நினைத்துத்தான் மருந்தைத் தொட வேண்டும்.

பிறகு 1990 என்ற இலக்கத்துக்குப் போன் எடுங்கள். அதில் வரும் சுவசெரிய அம்புலன்ஸுக்குக் காசு கட்டத் தேவையில்லை. பயிற்சி பெற்றவர் ஒருவர் உள்ளே இருப்பார், ஒக்சிசன் இருக்கும். ஓட்டோவில் இந்த இரண்டும் இல்லை. வெள்ளவத்தை ஒழுங்கைகளில் அம்புலன்ஸ் தடுமாறுவது வழக்கம். ஆகவே ஒழுங்கையின் பெயரோடு காலி வீதிக்குக் கடற்பக்கமா தரைப்பக்கமா, பக்கத்தில் என்ன கடை, எத்தனையாம் மாடி, லிப்ட் வேலை செய்கிறதா, ஸ்ட்ரெச்சர் அதற்குள் போகுமா என்று ஒரே மூச்சில் சொல்லுங்கள். ஒருவர் கீழே போய் கேட்டைத் திறந்து, போன் லைட்டைப் போட்டுக்கொண்டு வீதி ஓரத்தில் நிற்க வேண்டும். அடுக்குமாடியில் இரவுக் காவலாளியை எழுப்பிச் சாவி தேடுவதில் போகிற நேரத்தைப் பற்றி யாரும் முறைப்பாடு செய்வதில்லை.

சுவசெரிய அரசாங்க ஆஸ்பத்திரிக்குத்தான் கொண்டு போகும். உங்கள் பக்கத்திலிருந்து களுபோவிலை ஆஸ்பத்திரியோ பெரியாஸ்பத்திரியோ, அவர்கள் முடிவு செய்யட்டும். ‘எங்களுக்குத் தெரிந்த டொக்டர் அங்கே இருக்கிறார்’ என்று வண்டியைத் திருப்பச் சொல்லாதீர்கள். தெரிந்த டொக்டர் இரவு இரண்டு மணிக்குத் தன் வீட்டில் நித்திரை. நீங்களே வாகனத்தில் போவதென்றால் ஒன்றைக் கவனியுங்கள். பெரியாஸ்பத்திரியில் ‘விபத்துச் சேவை’ என்ற பலகை காயப்பட்டவர்களுக்கு உரியது. நெஞ்சுவலி, மூச்சுத்திணறல் போன்றவற்றுக்குக் கேட்க வேண்டியது அவசர சிகிச்சைப் பிரிவு, அதாவது ஈடியூ. வாசலில் ‘ஈடியூ கொஹேத?’ என்று கேட்டால் காவலாளி கையைக் காட்டுவார். பலகையில் தமிழ் எழுத்து இருந்தும் அம்புக்குறி எங்கே போகிறது என்று புரியாத இடம் அது. இத்தனை வருடத்தில் யாருக்கும் அது உறைக்கவில்லை.

அடுத்து, அந்த ‘நோர்மல்’ ஈசிஜி. ஈசிஜி என்பது எடுத்த அந்தச் சில வினாடிகளின் படம். ஹார்ட் அட்டாக்கின் தொடக்கத்தில் அது நோர்மலாக வருவது சாதாரணம். வலி நிற்காவிட்டால் 15 முதல் 30 நிமிஷத்துக்குள் திரும்ப எடுக்க வேண்டும், முன்னதோடு பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். இதயத்தசை பாதிக்கப்பட்டதைக் காட்டும் ட்ரோபோனின் இரத்தப் பரிசோதனையும் அப்படித்தான். வலி தொடங்கி ஒரு மணித்தியாலத்தில் எடுத்தால் ஒன்றும் காட்டாமல் போகலாம். மூன்று மணித்தியாலத்தில், சில முறைகளில் ஆறில், இரண்டாம் முறை எடுத்த பிறகுதான் முடிவு சொல்லலாம். நோர்மல் என்றவர்கள் உங்களுக்கு இதைச் சொல்லியிருக்க வேண்டும். சொல்லாமல் முற்பணத் துண்டை நீட்டியது பிழை.

இனி வாசலில் நின்றவர். இவரைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். இரவில் கொழும்பு ஆஸ்பத்திரிகளைச் சுற்றி இப்படிப்பட்டவர்கள் நிற்கிறார்கள். தேநீர்க் கடையில், ஓட்டோ தரிப்பிடத்தில், சில இடங்களில் உள்ளே சிற்றூழியர்களோடு பழகிக்கொண்டும். ஸ்ட்ரெச்சரைத் தள்ள ஒரு கை கொடுப்பார், தண்ணீர் வாங்கித் தருவார். முக்கியமாக, தமிழில் பேசுவார். சிங்களத்தில் எல்லாம் நடக்கிற கூடத்தில் பதறிப்போய் நிற்பவருக்கு ‘அக்கா, என்ன கேஸ்?’ என்று ஒரு குரல் கேட்டால் போதும், பாதி நம்பிக்கை வந்துவிடும். அந்தத் தமிழ்தான் அவருடைய மூலதனம். அடுத்த வசனம் எப்போதும் ஒன்றுதான்: ‘இங்க பார்க்க மாட்டாங்க, தரையிலதான் போடுவாங்க, நான் பெட் எடுத்துத் தாறன்.’

அவரால் பெட் எடுத்துத் தர முடியாது. ஓர் ஆஸ்பத்திரியிலிருந்து இன்னொன்றுக்கு அவசர நோயாளியை மாற்றுவது டொக்டருக்கும் டொக்டருக்கும் இடையில் போனில் பேசி முடிக்கும் காரியம். ஏற்கும் ஆஸ்பத்திரி ‘அனுப்புங்கள்’ என்று சொல்ல வேண்டும். மாற்றுக் கடிதம் எழுதப்பட வேண்டும், ஈசிஜியும் கொடுத்த மருந்துகளின் விவரமும் கூடவே போக வேண்டும். இவை இல்லாமல் வெளியே வந்தால் அடுத்த இடத்தில் நீங்கள் புது ஆள், எல்லாம் முதலிலிருந்து. அவர் பிடித்துத் தரும் அம்புலன்ஸில் பெரும்பாலும் இருப்பது ஒரு சாரதியும் ஒரு படுக்கையும் சைரனும். ஏறுமுன் மூன்று கேள்வி கேளுங்கள். ஒக்சிசன் சிலிண்டரைத் திறந்து காட்டு. பின்னால் நோயாளியோடு இருக்கப்போவது யார்? மொத்தம் எவ்வளவு, ரசீது தருவாயா? மூன்றாவது கேள்வியோடு பலர் காணாமல் போவார்கள்.

வெளியே போகும்போது ஒரு தாளில் கையெழுத்து வாங்கியிருப்பார்களே, அது வைத்திய ஆலோசனைக்கு மாறாக உங்கள் விருப்பத்தில் போகிறீர்கள் என்ற தாள். அதற்குப் பிறகு நடப்பதற்குத் தாங்கள் பொறுப்பில்லை என்று அந்த ஆஸ்பத்திரி சொல்லிவிடும். வாசலில் நின்ற அந்தத் தரகர் அதைப் பற்றி ‘சும்மா ஒரு போர்மாலிட்டி’ என்பார்.

இதே ஆட்களின் இன்னொரு வியாபாரம் இரத்தம். ‘இரத்தம் தேவைப்படும், ஆள் கொண்டு வாறன்’ என்று காசு கேட்டால் கொடுக்காதீர்கள். நாரஹேன்பிட்டியைத் தலைமையகமாகக் கொண்ட தேசிய இரத்த மாற்றுச் சேவைதான் நாட்டில் இரத்தம் வழங்குகிறது. கொடையாளர் எல்லோரும் காசு வாங்காமல் கொடுப்பவர்கள்.

அரசாங்கமா தனியாரா என்ற கேள்விக்கு, இரவில் நெஞ்சுவலி என்றால் அரசாங்கம் என்பதே பதில். விலக்கு ஒன்று உண்டு. அதைப் பலர் பிழையாகப் பயன்படுத்துவதால் முழுதாகச் சொல்கிறேன். ஈசிஜியில் தெளிவாகத் தெரியும் பெரிய அடைப்பு என்றால், அடைபட்ட குழாயை உடனே பலூனால் திறப்பதுதான் மிகச் சிறந்த சிகிச்சை. ஈசிஜியில் தெரிந்து இரண்டு மணித்தியாலத்துக்குள் அது நடக்க வேண்டும். நடக்காதென்றால், வலி தொடங்கிப் பன்னிரண்டு மணித்தியாலத்துக்குள், எவ்வளவு முந்தியோ அவ்வளவு நல்லது, கட்டியைக் கரைக்கும் ஊசி போட வேண்டும். சில பெரிய தனியார் ஆஸ்பத்திரிகளில் பலூன் வசதியுள்ள கத் லேப் இருக்கிறது. கத் லேப் இருப்பது வேறு, இந்த இரவு அது இயங்குவது வேறு. விளம்பரப் பலகையில் 24 மணித்தியாலம் என்றிருப்பது கட்டிடம் திறந்திருக்கிறது என்பதற்குத்தான். ஆகவே போனில் கேளுங்கள்: இப்போது கத் லேப் ஆட்கள் ஆஸ்பத்திரியில் இருக்கிறார்களா, வீட்டிலிருந்து வர வேண்டுமா? இதய வைத்திய நிபுணர் எத்தனை நிமிஷத்தில் வருவார்? முற்பணம் எவ்வளவு, அது கட்டும்வரை காத்திருப்பீர்களா? கத் லேப் முடியாவிட்டால் ஊசியாவது உங்களிடம் இருக்கிறதா? நான்குக்கும் நேரான பதில் வந்து, முற்பணம் கையில் இருந்து, வீட்டிலிருந்து பத்துப் பதினைந்து நிமிஷத் தூரம் என்றால் போகலாம். ‘வாங்க, வந்து பேசலாம்’ என்றால் போகாதீர்கள். காப்புறுதி அட்டையை நம்பியும் போகாதீர்கள். நடுராத்திரியில் கம்பனி அனுமதி வர நேரமெடுக்கும், சீனி வருத்தம் முன்பே இருந்தது என்று காலையில் கைவிரிக்கவும் கூடும். பக்கத்து ஒழுங்கையில் உள்ள சிறிய தனியார் ஆஸ்பத்திரிகளுக்கு இந்த விலக்கு பொருந்தவே பொருந்தாது. அவர்களால் செய்ய முடிவது ஈசிஜி எடுத்து, அஸ்பிரின் கொடுத்து, கடிதம் எழுதி அனுப்புவது.

இரண்டு மணித்தியாலக் கதிரைக்கு வருகிறேன். ஈடியூவில் வந்த ஒழுங்கில் பார்ப்பதில்லை. மூச்சு, நாடி, இரத்த அழுத்தம், சுயநினைவு பார்த்து வரிசை மாறும். உங்கள் அம்மாவுக்கு ஈசிஜியில் மாற்றம் இல்லாமல் ட்ரோபோனின் மட்டும் ஏறிய வகை என்று நீங்கள் எழுதியதிலிருந்து தெரிகிறது. அதற்குப் பலூன் உடனே தேவையில்லை. அஸ்பிரினும் இரத்தம் உறையாமல் இருக்க வயிற்றுத் தோலில் போடும் ஊசியும்தான் முதல் சிகிச்சை, இதயக் குழாய்களைப் படம் பிடிக்கும் அஞ்சியோகிராம் பெரும்பாலும் ஓரிரு நாளில். நீங்கள் வந்து பத்து நிமிஷத்துக்குள் முதல் ஈசிஜி எடுக்கப்பட்டிருந்தால் காத்திருந்ததில் பெரும் பாதகம் இல்லை. எடுக்கப்படாவிட்டால் நீங்கள் கேட்டிருக்க வேண்டும். ஆனால் அந்தக் கதிரையை நியாயப்படுத்த வரவில்லை. வெளிநோயாளர் பிரிவு வரிசைக்குப் பயந்து தடிமனுக்கும் ஈடியூவுக்கு வருகிறார்கள். அவர்களை அனுப்ப அக்கம்பக்கத்தில் இரவு திறந்த அரசாங்க இடம் இல்லை. 2022க்குப் பிறகு எத்தனையோ டொக்டர்மார் நாட்டை விட்டே போய்விட்டார்கள். மிஞ்சியவர்களிடம் ‘எவ்வளவு நேரம் நிற்கிறது?’ என்று சத்தம் போட்டால் வரிசை மாறாது. ‘1.40க்குத் தொடங்கியது, சீனி இருக்கிறது, இப்போது திரும்ப வியர்க்கிறது’ என்றால் மாறும். புதிதாக வரும் வியர்வை, மூச்சிரைப்பு, மயக்கம் மூன்றையும் அந்தந்த நிமிஷமே தாதியிடம் சொல்லுங்கள். கூடவே ‘அடுத்த ஈசிஜி எத்தனை மணிக்கு, இரண்டாவது இரத்தம் எத்தனை மணிக்கு?’ என்று கேட்டு நேரத்தைக் கையில் எழுதி வையுங்கள். வேலைமுறை மாறும் காலை வேளையில் இரண்டாவது இரத்தம் மறந்துபோவது நடக்கிறது.

இன்றே செய்ய வேண்டிய வேலை ஒன்று. ஒரு தாளில் அம்மாவின் பெயர், அடையாள அட்டை இலக்கம், நோய்கள், குளிசைகளின் பெயரும் அளவும், ஒத்துக்கொள்ளாத மருந்து, இந்த முறை கிடைத்த டயக்னோசிஸ் கார்டில் உள்ள விவரம் எல்லாவற்றையும் ஆங்கிலத்திலோ சிங்களத்திலோ எழுதுங்கள். டிஸ்சார்ஜ் ஆனபோது கொடுத்த ஈசிஜியையும் போனில் படம் எடுங்கள். அடுத்த முறை ஒப்பிட்டுப் பார்க்க டொக்டருக்கு அதைவிட உதவி வேறில்லை. தாளின் பின்பக்கத்தில் தமிழ் எழுத்தில் இந்த மூன்றையும் எழுதி, கிளினிக் கொப்பிக்குள் வையுங்கள்: ‘பப்புவ ரிதெனவா’, நெஞ்சு நோகிறது. ‘ஹுஸ்ம கன்ன அமாருய்’, மூச்செடுக்கக் கஷ்டம். ‘தியவெடியாவ தியெனவா’, சீனி வருத்தம் இருக்கிறது.

முற்பணம் கட்டியிருந்து திரும்பி வரவில்லை என்றால் ரசீதோடும் விவரமான பில்லோடும் முதலில் அந்த ஆஸ்பத்திரிக்கு எழுதுங்கள். பதில் இல்லையென்றால் 2006ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் இயங்கும் தனியார் சுகாதார சேவைகள் ஒழுங்குபடுத்தல் சபைக்கு. அம்புலன்ஸ்காரருக்குக் கொடுத்த காசு ரசீது இல்லாமல் திரும்பி வராது.