படம் காட்டினால் பிள்ளை வாய் திறக்காதோ?

கேள்வி: மகனுக்கு நாலு வயசு, ஓட்டிசம் எண்டு சொல்லியிருக்கினம். ரெண்டு மூண்டு சொல்லுத்தான் வருது. ஏதும் வேணுமெண்டால் என்ர கையைப் பிடிச்சு இழுப்பார், விளங்காட்டி நிலத்தில விழுந்து கத்துவார். ஸ்பீச் தெரபிஸ்ட் படக்காட் பழக்கி, பிறகு டப்பில (டப்லெட்டில) படத்தை அமத்தினால் அந்தச் சொல்லைக் கதைக்கிற ஆப் போடலாம் எண்டுறா. உது பழகினால் வாயே திறக்கமாட்டான் எண்டு மாமி சொல்லுறா. என்ன செய்ய? (ஒரு அம்மா, கொக்குவில்)

பதில்: தங்கச்சி, மாமி பயப்பிடுறதில பிழையில்லை, கிளினிக்குக்கு வாறவை கனபேர் முதல் கேக்கிறது இதைத்தான். ஆனா படமோ டப்போ பேச்சை நிப்பாட்டாது. பேச்சு வளர்ச்சி பிந்தின ஆக்களைப் பற்றின ஆய்வுகளைச் சேர்த்து 2006ல பார்த்தவை, அதில வடிவா ஆதாரம் இருந்த 27 பேரில ஒருத்தருக்கும் பேச்சுக் குறையேல்லை, 89 வீதமானவைக்குக் கூடினது, கனபேருக்குக் கொஞ்சமாத்தான் கூடினது எண்டாலும் கூடினது. வாயால சொல்லுறதெண்டால் சொல்லை நினைவில எடுத்து நாக்கையும் உதட்டையும் சரியா அசைக்கவேணும், அது காத்தோட போயிடும், படம் அப்பிடியே கண்ணுக்கு முன்னால நிக்கும், டப்பும் எத்தினை தரம் அமத்தினாலும் அதே சொல்லை அதே மாதிரிச் சொல்லும்.

வீட்டில செய்யவேண்டியது முக்கியமா ஒண்டு. "காட்டு, காட்டு" எண்டு பிள்ளையை நெருக்காமல் நீங்களே கதைக்கேக்க படத்தைத் தொட்டுத் தொட்டுக் கதையுங்கோ. பாண் குடுக்கேக்க "இன்னும் வேணுமோ?" எண்டு கேட்டுக்கொண்டு "இன்னும்" படத்தில விரலை வையுங்கோ, அவர் திரும்பிப் பார்க்காட்டியும் பரவாயில்லை, நாங்களும் பிள்ளைக்கு மாசக்கணக்கில கதை சொல்லித்தானே முதல் சொல்லு வந்தது. அப்பா, மாமி எல்லாரும் செய்யவேணும்.

மற்றது, படங்களை ஒட்டிற பலகை முழுக்கச் சாப்பாட்டுச் சாமான் மட்டும் போடாதேங்கோ. "வேண்டாம்", "காணும்", "உதவி", "நோகுது" கட்டாயம் வேணும். என்னட்ட வந்த ஒரு பெடியன் நாலு நாளா இரவில கத்தினவர், குழப்படி எண்டு நினைச்சு வீட்டுக்காரர் ஏசினவை, அஞ்சாம் நாள் "நோகுது" படத்தைத் தொட்டிட்டுத் தன்ர காதைத் தொட்டார், பார்த்தால் காதுக்க சீழ். அந்த ஒரு படம் இல்லாட்டி இன்னும் எத்தினை நாள் கத்தியிருப்பாரோ.

ஆப் எண்டால் சென்னையில செய்த அவாஸ் (Avaz) எண்ட ஆப்பில தமிழ் இருக்கு. ஆனா ஆப் "போதும்" எண்டு சொல்லும், உங்கட வீட்டில "காணும்" எண்டு சொல்லுவியள், பிள்ளை கேட்டு வளர்ந்த சொல்லுத்தான் பட்டனில இருக்கவேணும், தெரபிஸ்டிட்டச் சொல்லி மாத்துங்கோ. அந்த டப்பில யூடியூப் வேண்டாம், அது கதைக்க மட்டும். குழப்படி செய்தாரெண்டு தண்டனையாப் பறிக்கவே கூடாது, அது வாயைப் பொத்திறதுக்குச் சமன். சார்ஜ் போனாலும் கதைக்கவேணும்தானே, அதே படங்களை லமினேட் பண்ணிப் பையுக்க வையுங்கோ.

இன்னொண்டு, ஆராவது பிள்ளையின்ர கையைத் தாங்கிப் பிடிச்சு எழுத்துக்களைத் தொடவைச்சு, பிள்ளை தானே எழுதினது எண்டு சொன்னால் காசு குடுக்காதேங்கோ. சோதிச்சுப் பார்த்த இடங்களில வந்தது கையைப் பிடிச்ச ஆளின்ர வசனம்தான்.

காது டெஸ்ட் செய்ததோ எண்டு நீங்கள் எழுதேல்லை. செய்யாட்டி கிளினிக்கில கேட்டு முதல் அதைச் செய்யுங்கோ, படக்காட்டை அதுக்காகப் பிந்தவிடாமல் இண்டைக்கே துவங்குங்கோ.