பொறியாளர் தரைப்படைத் தலைமைத் தளபதி ஆக முடியுமா?

கேள்வி: என் மகன் சிவில் இன்ஜினீயரிங் இறுதியாண்டு படிக்கிறான். ராணுவ அதிகாரியாக வேண்டும் என்பதில் உறுதியாக இருக்கிறான். "இன்ஜினீயராகப் போனால் பாலம் கட்டியே ஓய்வுபெற வேண்டியதுதான். உயர்பதவியெல்லாம் காலாட்படைக்காரர்களுக்கே" என்கிறார் என் அண்ணன். உண்மையா?

பதில்: உங்கள் அண்ணனின் பேச்சில் பழைய நியாயம் இருக்கிறது. 1941-இல் எத்தியோப்பியப் போர்முனையில் நான்கு நாள் ஓயாமல் கண்ணிவெடிகளை அகற்றி, பிரிட்டனின் மிக உயரிய வீர விருதான விக்டோரியா கிராஸ் பெற்றவர் பிரேமீந்திர சிங் பகத். பொறியாளர் படைப்பிரிவைச் சேர்ந்த அவர், லெப்டினன்ட் ஜெனரல் வரை உயர்ந்தும் தலைமைத் தளபதி ஆகவில்லை. எனக்கு அது இன்றும் மனக்குறைதான்.

ஆனால் 2022 ஏப்ரல் 30 அன்று ஜெனரல் மனோஜ் பாண்டே தலைமைத் தளபதிப் பொறுப்பை ஏற்றார். பொறியாளர் படைப்பிரிவிலிருந்து அந்த இடத்துக்கு வந்த முதல் அதிகாரி அவர். வந்த வழியைப் பாருங்கள். 1982 டிசம்பரில் பொறியாளர் படைப்பிரிவின் ஓர் அணியான பம்பாய் சாப்பர்ஸில் சேர்ந்தார். 2001–02-இல் பாகிஸ்தான் எல்லையில் படைகள் குவிக்கப்பட்ட 'ஆபரேஷன் பராக்ரம்' நாட்களில், ஜம்முவின் பல்லன்வாலா பகுதியில் பொறியாளர் ரெஜிமென்ட் ஒன்றை நடத்தினார். எத்தியோப்பியா–எரித்ரியா ஐ.நா. படையில் தலைமைப் பொறியாளராக இருந்தார். கட்டுப்பாட்டு எல்லைக் கோட்டில் காலாட்படை பிரிகேடு ஒன்றுக்கும், மேற்கு லடாக்கில் மலைப்படை டிவிஷன் ஒன்றுக்கும் தலைமை தாங்கினார். பிறகு வடகிழக்கில் ஒரு கோர் (பல டிவிஷன்கள் சேர்ந்த படை), அந்தமான் கட்டளை, கிழக்குக் கட்டளை.

அந்தக் காலாட்படை பிரிகேடில்தான் விஷயம் இருக்கிறது. கர்னலுக்கு அடுத்த பிரிகேடியர் மட்டத்தில் சிலர் 'ஜெனரல் கேடர்' என்னும் பொது அணிக்குத் தேர்வாகிறார்கள். அதன்பின் எந்தப் பிரிவினரையும் போரில் வழிநடத்தும் பொறுப்பு அவர்களுக்கு வரும். பொறியாளர், சிக்னல்ஸ் (தகவல் தொடர்பு) பிரிவினருக்கு இந்த வாசல் திறந்திருக்கிறது. பீரங்கியையும் வாகனங்களையும் பழுதுபார்க்கும் இ.எம்.இ. பிரிவுக்கு இல்லை, அது சேவைப் பிரிவு. ஆகவே, பயிற்சியின்போது பிரிவு விருப்பம் கேட்டால், உங்கள் மகன் யோசித்துச் சொல்ல வேண்டும்.

லெப்டினன்ட் கர்னல் வரை பதவி உயர்வு காலக்கணக்கில் கிடைத்துவிடும். 13 ஆண்டு போதும். அதற்கு மேல் வடிகட்டல் கடுமை. பெரும்பாலோர் கர்னலோடு நின்றுவிடுவார்கள். அதுவும் நிறைவான வாழ்க்கையே என்பதை வீட்டில் இப்போதே பேசிக்கொள்ளுங்கள்.

பாண்டே தேசியப் பாதுகாப்பு அகாதெமி வழியாக வந்தவர். உங்கள் மகனுக்கு அந்த வயது கடந்துவிட்டது. பட்டதாரிப் பொறியாளர்களுக்கு இரண்டு வழிகள் உண்டு. டி.ஜி.சி. (தொழில்நுட்பப் பட்டதாரிப் பயிற்சி) என்றால் டேராடூனில் பயிற்சி, நிரந்தரப் பணி. எஸ்.எஸ்.சி. டெக் (தொழில்நுட்பக் குறுகிய காலப் பணி) என்றால் முதலில் 10 ஆண்டுப் பணி. வயது 20 முதல் 27 வரை. இறுதியாண்டு மாணவர்களும் விண்ணப்பிக்கலாம். என் விருப்பம் டி.ஜி.சி.

இரண்டிலும் எழுத்துத் தேர்வு கிடையாது. பட்டப்படிப்பு மதிப்பெண்ணை வைத்துச் சுருக்கி, எஸ்.எஸ்.பி. (அதிகாரிகளைத் தேர்ந்தெடுக்கும் வாரியம்) நேர்காணலுக்கு அழைப்பார்கள். அது ஐந்து நாள் சோதனை. குழுவாகத் தடைகளைத் தாண்டும்போது நால்வரைச் சேர்த்து இழுத்துச் செல்கிறாரா என்றே பார்ப்பார்கள். கல்லூரியில் என்.சி.சி. இருந்தால் மிச்சமுள்ள மாதங்களையாவது அங்கே செலவிடச் சொல்லுங்கள்.