சிட்டி கோல்ஃபும் டாஸும்: முன் சஸ்பென்ஷன் பற்றிய கேள்வி பதில்

தென்னாப்பிரிக்காவின் டர்பனிலும் சுற்றுவட்டாரத்திலும் பழைய கார்களை வீட்டிலேயே பழுது பார்ப்பவர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன். பெரும்பாலானவை இரண்டே வண்டிகளைப் பற்றியவை. ஒன்று, இன்று கரீகா எனப்படும் யூட்டன்ஹேகில் 1984 முதல் 2009 வரை தயாரான ஃபோக்ஸ்வாகன் சிட்டி கோல்ஃப். மற்றொன்று, நம் ப்ராஸ்பெக்டன் ஆலையில் 1996 முதல் 2006 வரை தயாரான டொயோட்டா டாஸ். இரண்டுக்கும் முன்பக்கம் மெக்ஃபெர்சன் ஸ்ட்ரட் அமைப்புதான் (ஷாக் அப்சார்பரும் ஸ்பிரிங்கும் ஒரே தூணாகச் சேர்ந்தது) என்பதால், ஒருவருக்குச் சொல்வதில் பெரும்பகுதி மற்றவருக்கும் பொருந்தும்.

கேள்வி (சாட்ஸ்வொர்த்): ஐயா, என் சிட்டி கோல்ஃப் வேகத்தடையில் ஏறி இறங்கும்போதெல்லாம் இடது முன்பக்கத்தில் 'டொக்' என்று அடிக்கிறது. ஷாக் போய்விட்டது என்கிறார் பக்கத்து வீட்டுக்காரர். இரண்டு ஷாக்கையும் வாங்கிவிடலாமா?

பதில்: இப்போதைக்கு எதையும் வாங்காதீர்கள். ஓசையை மட்டும் நம்பி உதிரிபாகம் வாங்குவதுதான் இந்த வேலையில் பணத்தை அதிகம் விழுங்கும் பழக்கம். தேய்ந்த பால் ஜாயிண்ட் (உருண்டை மூட்டு), கிழிந்த லோயர் ஆர்ம் புஷ் (சக்கரத்தை வண்டியோடு இணைக்கும் கீழ்க் கையின் ரப்பர்), தளர்ந்த டை ராட் எண்ட் (ஸ்டீயரிங் கம்பியின் முனை மூட்டு), உடைந்த மேல் மவுண்ட் (ஸ்ட்ரட்டின் தலையைத் தாங்குவது) ஆகிய எல்லாமே வண்டிக்குள் இருப்பவர் காதில் ஏறக்குறைய ஒரே 'டொக்'காகத்தான் விழும். கண்ணால் அசைவைப் பார்த்த பிறகே கடைக்குப் போக வேண்டும்.

சமதரையில் வண்டியை நிறுத்தி, ஹேண்ட் பிரேக்கை இழுத்து, பின் சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை வையுங்கள். முன்பக்கத்தை ஜாக்கியால் தூக்கி ஆக்சில் ஸ்டாண்டில் உட்கார வைத்து, சக்கரம் தொங்கும் நிலையில் அதன் உச்சியையும் அடியையும் பிடித்து ஆட்டுங்கள். ஆட்டம் இருந்தால் உடனே பால் ஜாயிண்ட் என்று முடிவு கட்டாமல், வீட்டில் ஒருவரை பிரேக்கை மிதிக்கச் சொல்லி மீண்டும் ஆட்டுங்கள். ஆட்டம் மறைந்தால் குற்றவாளி பெரும்பாலும் வீல் பேரிங்தான். மறையவில்லை என்றால், லோயர் ஆர்முக்கும் ஹப் தாங்கிக்கும் (சக்கரத்தின் மையத்தைத் தாங்கும் பாகம்) நடுவே நீளமான இரும்புக் கம்பியை விட்டு மேலும் கீழும் நெம்புங்கள். நல்ல பால் ஜாயிண்ட் அசையாது. தேய்ந்தது 'கிளிக்' என்று விலகிச் சேருவது விரல் வைத்தாலே தெரியும். இடமும் வலமும் பிடித்து ஆட்டும்போது வரும் தளர்ச்சி டை ராட் எண்டையோ ஸ்டீயரிங் ரேக்கையோ காட்டும். ஆர்மின் பின்பக்க புஷ்ஷையும் அதே கம்பியால் நெம்பிப் பாருங்கள்: ரப்பர் வெடித்திருந்தால் ஆர்ம் முன்னும் பின்னும் தாராளமாக நகரும். பிரேக் பிடிக்கும்போதும் 'டொக்' கேட்டு, வண்டி ஒரு பக்கம் இழுத்தால் முதலில் சந்தேகிக்க வேண்டியது இந்தப் புஷ்ஷைத்தான்.

வண்டியை இறக்கிய பிறகு, பானட்டைத் திறந்து ஸ்ட்ரட்டின் தலையில் கையை வைத்து, இன்னொருவரை ஸ்டீயரிங்கைத் திருப்பச் சொல்லுங்கள். ஸ்பிரிங் முறுக்கிக்கொண்டு நின்று திடீரென்று விடுவது கையில் தட்டுப்பட்டால் மேல் மவுண்டோ அதன் பேரிங்கோ முடிந்துவிட்டது. ஷாக்கைப் பொறுத்தவரை, அதன் உடலில் எண்ணெய் வழிந்து தூசி அப்பியிருக்கிறதா என்று பாருங்கள். பம்பரை அழுத்தி விட்டுப் பார்க்கும் பழைய சோதனை முற்றிலும் செத்த ஷாக்கை மட்டுமே காட்டிக்கொடுக்கும்.

கேள்வி (ஃபீனிக்ஸ்): என் டாஸில் வலது பால் ஜாயிண்ட் மட்டும்தான் ஆடுகிறது. இரண்டையும் மாற்றத்தான் வேண்டுமா?

பதில்: ஷாக்கும் ஸ்பிரிங்கும் என்றால் கட்டாயம் ஜோடியாக மாற்ற வேண்டும். பால் ஜாயிண்டில் அந்தக் கட்டாயம் இல்லை. மறுபக்க ரப்பர் உறை கிழியாமல், ஆட்டமும் இல்லாமல் இருந்தால் விட்டுவிடலாம். 2022 ஏப்ரல் வெள்ளத்தில் அந்த வண்டி தண்ணீரில் நின்றதென்றால் மட்டும் நான் இரண்டையும் மாற்றிவிடுவேன், ஏனெனில் உறைக்குள் சேறு ஒருமுறை புகுந்துவிட்டால் வெளியே துடைப்பதால் பயனில்லை.

கேள்வி (இசிபிங்கோ): சிட்டி கோல்ஃபின் பால் ஜாயிண்ட் ஆர்மோடு ரிவெட் அடிக்கப்பட்டிருக்கிறது. எப்படிக் கழற்றுவது?

பதில்: தொழிற்சாலையில் ரிவெட் அடித்ததுதான், புதிய பால் ஜாயிண்டோடு வரும் போல்ட்டுகள் அவற்றின் இடத்தில் ஏறும். முதலில் ஹப் தாங்கியில் ஜாயிண்டின் தண்டைப் பிடித்திருக்கும் குறுக்கு போல்ட்டைத் தளர்த்தினால் மட்டும் போதாது, முழுவதுமாக உருவ வேண்டும், ஏனெனில் அது தண்டில் வெட்டியிருக்கும் பள்ளத்தின் வழியாகப் போகிறது. இது தெரியாமல் சுத்தியலால் அடித்து ஹப் தாங்கியையே கெடுத்தவர்கள் உண்டு. அதன் பிறகு பிளவில் உளியை லேசாகத் தட்டி விரித்தால் தண்டு இறங்கிவிடும். ஆர்மைக் கழற்றி வைஸில் பிடித்து, ரிவெட்டின் நடுவில் சென்டர் பஞ்ச் கருவியால் குறியிட்டு, சிறிய டிரில்லில் தொடங்கிப் படிப்படியாகப் பெரிதாக்குங்கள். ஓட்டை நீள்வட்டமாகிவிட்டால் அந்த ஆர்மை வைத்துக்கொள்ளக் கூடாது. பாதுகாப்புக் கண்ணாடி அணியாமல் இதைத் தொடாதீர்கள். ஆர்ம் கழன்றிருக்கும் நேரத்தில் ஹப்பை வெளிப்பக்கம் தொங்க விட்டால் டிரைவ் ஷாஃப்ட்டின் உள் மூட்டு விலகக்கூடும் என்பதால் அதைக் கம்பியால் கட்டி வையுங்கள். பிரேக் ஹோஸும் இழுபடாது.

கேள்வி (மெரபேங்க்): கடற்காற்றில் எல்லா நட்டும் துருவேறிக் கிடக்கின்றன. நெருப்புக் காட்டலாமா?

பதில்: புஷ், பால் ஜாயிண்ட் உறை, பிரேக் ஹோஸ் ஆகியவற்றின் அருகே கூடாது. முந்தைய நாளே மரைகளைக் கம்பி பிரஷ்ஷால் தேய்த்து, துரு இளக்கும் எண்ணெயை மாலையிலும் மறுநாள் காலையிலும் விடுங்கள். டை ராட் எண்டைப் பிரிக்கக் கவட்டைக் கருவி வேண்டாம், அது ரப்பர் உறையைக் கிழித்துவிடும். தண்டு நுழையும் கண்ணின் ஒரு பக்கம் கனமான சுத்தியலை அண்டைக் கொடுத்து, எதிர்ப்பக்கம் இன்னொரு சுத்தியலால் ஓங்கி அடித்தால் தானே விட்டுவிடும். நைலான் வளையமுள்ள நட்டுகளை மறுபடி போடாதீர்கள்.

கேள்வி (டோங்காட்): ஸ்பிரிங் கம்ப்ரஸர் இரவல் கிடைக்கிறது, அண்ணா. ஷாக்கை நானே மாற்றிவிடலாமா?

பதில்: தம்பி, இந்த ஒரு வேலையில் மட்டும் நான் கஞ்சத்தனத்துக்கு ஆதரவு தர மாட்டேன். மெக்ஃபெர்சன் ஸ்ட்ரட்டில் ஸ்பிரிங் எப்போதும் அமுக்கப்பட்ட நிலையிலேயே இருக்கிறது. மேல் நட்டு ஒன்றுதான் அதைப் பிடித்து வைத்திருக்கிறது. ஸ்பிரிங்கை அமுக்காமல் அந்த நட்டைக் கழற்றினால் மேல் தட்டு முகத்தை நோக்கித்தான் பறக்கும். இரவல் கம்ப்ரஸரின் மரை தேய்ந்திருக்கிறதா, கொக்கி வளைந்திருக்கிறதா என்று உங்களால் உறுதியாகச் சொல்ல முடியாதென்றால், ஸ்ட்ரட்டை முழுதாகக் கழற்றி ஒரு பட்டறைக்கு எடுத்துப் போங்கள். புது ஷாக்கைப் போட்டுத் தரும் அந்தச் சிறிய வேலைக்கு அவர்கள் கேட்கும் கூலி நியாயமாகவே இருக்கும். கழற்றுவதையும் மாட்டுவதையும் நீங்கள் செய்துகொள்ளலாம். சிட்டி கோல்ஃப் என்றால், ஸ்ட்ரட்டை ஹப் தாங்கியோடு இணைக்கும் மேல் போல்ட்டு கேம்பரை (சக்கரம் உள்ளோ வெளியோ சாயும் கோணம்) சரிசெய்வதற்காக மையம் விலகிய வடிவில் இருக்கும். தளர்த்துவதற்கு முன் அதன் நிலையைப் பெயிண்டால் குறித்துவிடுங்கள்.

இன்னொன்று: ஸ்டாண்டுக்குப் பதிலாகக் கட்டட வேலைக்கான உள்ளீடற்ற சிமெண்ட் கல்லை வைக்க வேண்டாம். அது விரிசல் காட்டிவிட்டு உடைவதில்லை, ஒரே நொடியில் பொடிந்துவிடும். கழற்றிய சக்கரத்தை வண்டியின் ஓரத்து அடியில் தள்ளி வைப்பது கூடுதல் பாதுகாப்பு.

கேள்வி (பீட்டர்மரிட்ஸ்பர்க்): சில மாதங்களுக்கு முன் டாஸுக்குப் புது ஆர்மும் டை ராட் எண்டும் போட்டேன். இப்போது ஸ்டீயரிங் கோணலாக நிற்கிறது, டயரின் உள் விளிம்பு தேய்கிறது, புஷ்ஷும் கிழியத் தொடங்கிவிட்டது. மட்டமான பொருளா?

பதில்: பொருளைக் குறை சொல்வதற்கு முன் இரண்டு விஷயங்களைப் பாருங்கள். டை ராட் எண்டைக் கழற்றும்போது எத்தனை சுற்றில் வெளியே வந்தது என்று எண்ணி, புதியதை அதே அளவு ஏற்றினாலும் அது அலைன்மெண்ட் (சக்கரக் கோணங்களைச் சரிசெய்யும்) கடை வரை ஓட்டிப் போவதற்கு மட்டுமே போதும். அலைன்மெண்ட் பார்க்காமல் மாதக்கணக்கில் ஓட்டினால் டயர் இப்படித்தான் தேயும். புஷ் கிழிவதற்குக் காரணம், சக்கரம் அந்தரத்தில் தொங்கும்போதே ஆர்ம் போல்ட்டுகளை நீங்கள் முழுவதுமாக இறுக்கியதாக இருக்கலாம். ரப்பர் அந்த நிலையிலேயே பிடிபட்டுவிடுவதால், வண்டி தரையில் நிற்கும் நேரமெல்லாம் முறுக்கேறியே நிற்கும். போல்ட்டைக் கையிறுக்கமாக விட்டு, வண்டியின் எடை சக்கரத்தில் வந்த பிறகு, கையேட்டில் உள்ள அளவுக்கு டார்க் ரெஞ்சால் (இறுக்க அளவைக் காட்டும் ரெஞ்ச்) இறுக்குவதே முறை. டாஸின் வீல் நட்டுக்கு 103 நியூட்டன் மீட்டர்.

கேள்வி (ஸ்டாங்கர்): உடைத்து விற்கும் இடத்தில் பழைய ஆர்ம் மலிவாகக் கிடைக்கிறது. வாங்கலாமா? வண்டியை விற்கப் போகிறேன்.

பதில்: பழைய ஹப் தாங்கி வாங்கலாம், ரப்பரும் உருண்டை மூட்டும் உள்ள எதையும் பழையதாக வாங்காதீர்கள். விற்கும்போது பெயர் மாற்றத்துக்கு ரோட்வர்த்தி சான்றிதழ் (வண்டி சாலையில் ஓடத் தகுதியானது என்ற சான்று) வேண்டும், அந்தச் சோதனையில் முன் சக்கரத்தை ஆட்டித்தான் பார்ப்பார்கள்.

கேள்வி (மீண்டும் சாட்ஸ்வொர்த்): ஐயா, நீங்கள் சொன்னபடி நெம்பிப் பார்த்தேன். இடது ஆர்மின் பின் புஷ் சுற்றிலும் வெடித்திருக்கிறது, பால் ஜாயிண்டிலும் லேசான ஆட்டம். ஷாக்கில் எண்ணெய்க் கசிவு இல்லை. புஷ்ஷை மட்டும் வாங்கலாமா?

பதில்: புஷ்ஷும் பால் ஜாயிண்டும் பொருத்தப்பட்டே வரும் முழு ஆர்மை வாங்குங்கள். ரிவெட்டைத் துளைக்கும் வேலையும், பிரஸ் (அழுத்தும் இயந்திரம்) இல்லாமல் புஷ் ஏற்றும் போராட்டமும் மிச்சமாகும். ஒரு காலை நேரத்தில் முடித்துவிடலாம். குறுக்கு போல்ட்டுக்குப் புதிய நட்டு போடுங்கள். அலைன்மெண்ட் பார்த்து, நூறு கிலோமீட்டர் ஓடிய பிறகு எல்லாப் போல்ட்டுகளையும் சக்கரப் போல்ட்டுகளையும் மறுபடி ஒருமுறை ரெஞ்ச் வைத்துப் பாருங்கள். ஷாக்குக்கு ஒதுக்கிய பணத்தில் வலது பக்க ஆர்மையும் நெம்பிப் பார்த்து, தேவைப்பட்டால் அதையும் வாங்கிவிடலாம்.