ஒழுங்காகக் கடப்பவர்கள்

அன்புள்ள ஐயா,

ஓட்டுநர் இல்லாத கார்கள் நம்மைப் பார்ப்பது தெரிய அவற்றுக்குக் கண்கள் பொருத்தலாம் என்கிறார்களே, அது பயன்படுமா? நடப்பவர்களும் ஒழுங்காகக் கடக்கப் பழகினால்தானே விபத்து குறையும்?

ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

உங்கள் கடிதம் வந்தபோது அம்மாவைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். கண்புரை முற்றியிருந்த காலத்தில் அவருக்கு வண்டியே மங்கலாகத்தான் தெரியும், ஓட்டுபவர் முகம் எங்கே தெரியப்போகிறது? சாலையோரம் என் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்து, தலையைச் சாய்த்துக் கேட்பார். எஞ்சின் சத்தம் தணிந்ததும் “நின்னுட்டான், வா” என்பார்.

2018இல் ஜாகுவார் லேண்ட் ரோவர் பெரிய கண்கள் வைத்த வண்டியைச் சோதித்துப் பார்த்தது. இருக்கட்டும். அம்மாவுக்கு அந்தக் கண்களால் என்ன பயன்? தூரத்திலேயே வேகத்தைக் குறைத்து, நிற்கப்போவதை வண்டி காட்ட வேண்டும். மின்சார வண்டியில் அந்த எஞ்சின் சத்தமும் இல்லை. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2019 ஜூலை முதல் புதிய வகை மின்சார கார்கள் 20 கிலோமீட்டர் வேகம் வரை ஒலி எழுப்பியாக வேண்டும் என்று விதி வந்தபோது நிம்மதியாக இருந்தது.

சரி, அந்த “ஒழுங்காக” என்ற சொல்லுக்கு வருகிறேன். அதை நீங்கள் யோசிக்காமல் எழுதிவிட்டீர்கள். 2018 மார்ச் 18 இரவு, அமெரிக்காவின் அரிசோனாவில் உள்ள டெம்பியில், சைக்கிளைத் தள்ளிக்கொண்டு சாலையைக் கடந்த ஒரு பெண் ஊபரின் தானாக ஓடும் சோதனை வண்டி மோதி இறந்தார். வண்டி அவரை 5.6 வினாடிக்கு முன்பே கண்டுவிட்டது. வாய்விட்டு எண்ணிப் பாருங்கள், அது எவ்வளவு நேரம் என்று தெரியும். முதலில் வாகனம் என்றது, பிறகு வேறேதோ என்றது, பிறகு சைக்கிள் என்றது. பெயரை மாற்றும்போதெல்லாம் அவர் அதுவரை நகர்ந்து வந்த பாதையையும் மறந்துவிட்டது. மனிதர் என்று மட்டும் கடைசிவரை சொல்லவில்லை. கடவை, அதாவது நடப்பவர்கள் கடக்கக் கோடு போட்ட இடம், இல்லாத இடத்திலும் ஆள் நடப்பார் என்பதை அந்த மென்பொருள் கணக்கிலேயே எடுக்கவில்லை என்று விசாரணையில் தெரியவந்தது. உள்ளே இருந்த கண்காணிப்பாளர் கைபேசியில் மூழ்கியிருந்தது தனிக் குற்றம்.

நீங்கள் கேட்கும் ஒழுங்கைத்தான் அந்த மென்பொருளும் நம்பியிருந்தது. கோபப்படாமல் இதை இன்னொரு முறை படியுங்கள்.

அம்மா ஒருநாளும் கடவையில் கடந்ததில்லை. அது தெருமுனையைத் தாண்டி இருந்தது. அவ்வளவு தூரம் போய்த் திரும்ப அவர் முழங்கால் இடம் கொடுக்காது.