மாஸ்டரிடம் கேளுங்கள்: தும்புத்தடியால் ஒரு ‘ழ’

(நாடகமும் அரங்கியலும் படிப்பித்து ஓய்வு பெற்ற ஹட்டன் மாஸ்டர், வாசகர்களின் கலைக் கேள்விகளுக்குப் பதில் சொல்கிறார்.)

கேள்வி: எங்கள் தோட்டப் பாடசாலைக் கலைவிழாவுக்கு ஒரு நிகழ்ச்சி யோசித்து வைத்திருக்கிறேன் மாஸ்டர். சீன விசிறி நடனத்தை நம்முடைய தப்பு மேளத்தோடு கலந்து, கடைசியில் பெற்றோரையும் மேடைக்கு இழுத்து ஆடவைக்க ஆசை. பழைய சீனக் கலையையும் இப்போது எல்லோரும் பேசுகிற பங்கேற்புக் கலையையும் இப்படிக் கலப்பது சரிதானா? எங்கே தொடங்கலாம்?
ஓர் ஆசிரியை, பொகவந்தலாவை

பதில்: தாராளமாகக் கலக்கலாம் டீச்சர். விசிறியில் மட்டும் தொடங்கிவிடாதீர்கள். பட்டவன் சொல்கிறேன்.

நான் படிப்பித்துக்கொண்டிருந்த காலத்தில் ஒரு வீடியோவில் சீன இசைநாடக நடிகை ஒருவரைப் பார்த்தேன். அவர்களுடைய சட்டைக் கையின் நுனியில் வெள்ளைப் பட்டு நீளமாகத் தொங்கும். ‘நீர்க்கை’ என்று பெயர். ஒரு சுண்டு சுண்டினால் விரிந்து ஓடும், அடுத்த சுண்டில் மணிக்கட்டுக்கே வந்து மடிந்துகொள்ளும். அழுகை, வெட்கம், கோபம் எல்லாவற்றையும் அந்தத் துணியே பேசிவிடும். விடுவேனா? லைனிங் துணி வாங்கி, எட்டுப் பிள்ளைகளுக்குக் கைக்கு ஒரு யார் நீளம் வீதம் தைத்தோம். விழா ஜூலையில். திறந்த மேடை, சுற்றிலும் பனிமூட்டம். துணி ஈரத்தைக் குடித்துக் குடித்துக் கனத்துப் போனது. இரண்டாம் பாட்டில் ஒருத்தியின் கை மற்றவளின் காலைச் சுற்ற, இருவரும் பிரதம விருந்தினருக்கு நேர் முன்னால் உட்கார்ந்துவிட்டார்கள். அதுவும் நடனம்தான் என்று நினைத்துப் பெற்றோர் கைதட்டினார்கள். பனியைக் குறை சொல்லிப் பயனில்லை. அந்தச் சுண்டு தோளில் பிறந்து முழங்கை வழியாக இறங்கி வருவது. அதற்கு வருடக்கணக்கில் பழகுகிறார்கள். நான் துணியை மட்டும் எடுத்துக்கொண்டு வந்திருந்தேன்.

இந்த வேலையைச் சரியாகச் செய்தவர் தைவானின் லின் ஹ்வாய்மின். 1973இல் ‘கிளவுட் கேட்’ நடனக் குழுவைத் தொடங்கியவர். 2001, 2003, 2005 ஆகிய வருடங்களில் சீனத் தூரிகை எழுத்தை வைத்து மூன்று படைப்புகள் செய்தார். அவற்றில் ஆடுகிறவரின் உடம்பே தூரிகை. அழுத்தினால் தடிக்கும், தூக்கினால் மெலியும், வைத்த கோட்டை அழிக்க முடியாது. மூன்றாவது படைப்பில் மேலிருந்து தொங்குகிற நீளக் கடதாசிகளில் கறுப்பு மை தன்பாட்டில் வழிந்து இறங்கும். அந்தக் குழுவினர் பாலேயோடு ‘தாய் சி’ என்ற மெதுவான சீன உடற்பயிற்சி, தற்காப்புக் கலை, தியானம் எல்லாம் பழகியவர்கள். கோடு மூச்சிலிருந்து புறப்படுவதை முதலில் உடம்பில் ஏற்றிக்கொண்டார்கள். மேடை அதற்குப் பிறகுதான்.

தாய் சி என்றதும் மிரள வேண்டாம். அதன் ஆரம்பப் பாடமே நிறைகால், வெறுங்கால்தான். பாரம் முழுவதும் ஒரு காலில் நிற்கும்போது மற்றக் கால் வெறுமையாகப் போய் நிலத்தைத் தொட்டுப் பார்க்கும். நிலம் தாங்கும் என்று தெரிந்த பிறகே பாரம் மாறும். என் அம்மா முப்பது வருடம் கொழுந்து எடுத்தவர். மழை நாளில், செங்குத்து மலையில், முதுகில் கூடையோடு அவர் அடி வைப்பது அச்சாக இதேதான். உங்கள் பிள்ளைகளின் அம்மாமார் நான்கு பேரைக் கூப்பிட்டு, வெறும் மண்டபத்தில் மலையேறி நடந்து காட்டச் சொல்லுங்கள். மிக மெதுவாக. பிள்ளைகள் பின்னால் நின்று பார்த்துப் பழகட்டும். விசிறியைவிட இது வேலை செய்யும்.

அப்புறம் எழுத்து. பெய்ஜிங் பூங்காக்களில் காலை வேளையில் வயதானவர்கள் நீளத் தடியின் நுனியில் ஸ்பொஞ் கட்டி, தண்ணீரில் தோய்த்து, தரைக்கல்லில் பெரிய பெரிய எழுத்தாக எழுதுவார்கள். 1990களில் பரவிய பழக்கம். ‘தி ஷு’ என்றால் நில எழுத்து. வெயில் நாளில் கவிதையின் கடைசி வரிக்கு வரும்போது முதல் வரி காய்ந்து போயிருக்கும். போகிறவர் வருகிறவர் நின்று வாசிப்பதும், தடியை வாங்கித் தாங்களும் ஒரு கை பார்ப்பதும் உண்டு.

ஓய்வு பெற்ற பிறகு பக்கத்து லயத்துப் பிள்ளைகளோடு, கொழுந்து நிறுக்கிற மடுவத்துச் சீமெந்துத் தரையில் இதைச் செய்து பார்த்தோம். முதல்முறை ஆடி மாதம். எழுதிய எதுவும் காயவில்லை. எழுத்தின்மேல் எழுத்து விழுந்து தரை முழுக்க ஒரே சொதசொதப்பு, பெய்ஜிங் வெயிலை ஹட்டனில் எதிர்பார்த்தது என் புத்தி. பிறகு மாசியில், நல்ல வெயில் அடிக்கிற ஒரு காலை பத்து மணிக்குத் தொடங்கினோம். ஒன்பது வயதுப் பிள்ளை ஒருத்தி ‘ழ’ எழுதினாள். ஆளுயர ‘ழ’. கொப்பியில் விரல் பார்க்கும் வேலையை இங்கே இடுப்பு பார்க்க வேண்டியிருந்தது. கோட்டுக்குப் பின்பக்கமாகவே நடந்து, அடியில் சுழிக்கிற இடத்தில் தடியோடு சேர்ந்து தானும் ஒரு முழுச் சுற்று சுற்றினாள். வால் முடியும்வரை மூச்சே விடவில்லை. அவளுடைய தம்பி ஒரு பழைய வாளியைக் கவிழ்த்து வைத்து, அவள் திரும்பும்போதெல்லாம் ஓர் அடி போட்டான். யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. அவள் நிமிர்ந்து பார்த்தபோது எழுத்தின் தலை காய்ந்து வால் மட்டும் மிச்சம்.

அன்று ஒரு தாத்தா வெகுநேரம் பார்த்துக்கொண்டு நின்றார். சம்பளத்துக்குக் கைநாட்டு வைத்தே காலம் போனவர். கடைசியில் தடியை வாங்கி நான்கு இலக்கம் எழுதினார். தோட்டத்து வேலைப் பதிவில் அவருடைய செக்ரோல் நம்பர். அது காயும்வரை பக்கத்திலேயே நின்றார்.

ஆகவே பெற்றோரை மேடைக்கு இழுக்காதீர்கள் டீச்சர். பத்துப் பேர் வெட்கத்தில் நெளிவார்கள், இரண்டு பேர் விடாமல் ஆடுவார்கள். ஆடத் தெரியாதவரும் செய்யக்கூடிய சின்ன வேலை ஒன்று கொடுங்கள். 2008 ஆகஸ்ட் 8ஆம் தேதி பெய்ஜிங் ஒலிம்பிக் தொடக்கவிழாவில் நடனக்காரர்கள் கையில் மையோடு ஆடி ஆடியே ஒரு பெரிய கடதாசியில் மலையும் ஆறும் வரைந்தார்கள். நியூயோர்க்கில் குழு நடத்திய, சீனாவின் ஹூனானில் பிறந்த ஷென் வெய் அமைத்த நடனம். பிறகு 204 அணிகளின் வீரர்களும் சாயம் தோய்ந்த காலணியோடு அதே கடதாசியைக் கடந்து போனார்கள். நம் நாட்டு வீரர்களும்தான். அவர்கள் நடந்தார்கள், அவ்வளவுதான். படம் அந்தக் காலடிகளால் நிரம்பியது. உங்கள் பெற்றோருக்கு மையோ சாயமோ தேவையில்லை. ஆறிப்போன பிளேன்டீயில் கால் நனைத்து வெள்ளைத் துணியில் நடக்கச் சொல்லுங்கள். தேயிலைச் சாயம் துணியில் போகாது என்பது நம் ஆட்களுக்குத் தெரியாததா?

கேள்வி: காமன்கூத்தில் ஊரே சேர்ந்துதானே ஆடுகிறது? பங்கேற்புக் கலை என்று புதிதாக என்ன சொல்ல வருகிறார்கள்?
ஓர் இளைஞர், மஸ்கெலியா

பதில்: பாதி சரி தம்பி. என் அப்பா தப்படித்தவர். மாசிக் குளிரில் தப்புத் தோல் தளர்ந்துவிடும். நெருப்பில் காய்ச்சினால்தான் சத்தம் வரும். கவ்வாத்துக் குச்சி பொறுக்கி அந்த நெருப்பை அணையாமல் பார்ப்பது எனக்கு ஏழு வயதில் கிடைத்த முதல் வேடம். மன்மதன் எரிந்து ரதி அழும்போது வாசலில் நிற்கிற பெண்களும் கூடவே அழுவார்கள். யாரும் ‘வாருங்கள், பங்கெடுங்கள்’ என்று கூப்பிட்டதில்லை.

மற்றப் பாதி என்னவென்றால், கூத்தில் கதை எல்லோருக்கும் தெரியும், ஆளையும் தெரியும். ஒன்றும் தெரியாத அந்நியருக்கும் ஓர் இடம் விட்டுவைப்பதுதான் இவர்கள் முயல்வது. சூ பிங் என்ற சீனக் கலைஞர் 1994இல் ஓர் எழுத்துமுறை உண்டாக்கினார். ஆங்கிலச் சொல்லின் எழுத்துகளைச் சீன எழுத்துப்போல ஒரு சதுரத்துக்குள் அடுக்கிவிடுவார். கண்காட்சி மண்டபத்தில் வகுப்பறைபோல மேசை, தூரிகை, மை, பயிற்சிக் கொப்பி எல்லாம் இருக்கும். சீனம் எழுதுகிறோம் என்று நினைத்து உட்கார்கிறவருக்கு, எழுதிக்கொண்டிருக்கும்போதுதான் ‘அட, இது நமக்கு வாசிக்கத் தெரிந்த சொல்’ என்று பிடிபடும். தள்ளி நின்று பார்க்கிறவருக்கு அந்தச் சுகம் கிடைக்காது. தமிழ் எழுத்தைச் சதுரத்தில் அடைக்க நானும் இரண்டு நாள் மினக்கெட்டேன். ‘ஞ’ மட்டும் அடங்க மாட்டேன் என்கிறது.

கேள்வி: அம்பாந்தோட்டைத் துறைமுகத்தைச் சீனக் கம்பெனிக்கு 99 வருடத்துக்குக் கொடுத்தது போதாதா? நடனமும் அவர்களிடமிருந்தா வாங்க வேண்டும்?
ஒரு வாசகர், பண்டாரவளை

பதில்: குத்தகைக் கணக்கு வேறு, இது வேறு. ‘தேயிலை’ என்ற சொல்லில் உள்ள ‘தே’, சீனத்தின் ஃபூஜியன் கரைப் பேச்சிலிருந்து வந்தது. அதை நாம் யாரிடமும் திருப்பிக் கொடுக்கவில்லையே.

கேள்வி: தரையில் எழுதுகிற தூரிகை எங்கே விற்கிறார்கள்?
ஒரு மாணவி, தலவாக்கலை

பதில்: வாங்கவே வேண்டாம். தும்புத்தடியின் தும்பைக் கழற்றிவிட்டுத் தடியை மட்டும் எடுங்கள். பழைய மெத்தை ஸ்பொஞ்சைக் கரட் மாதிரி கூராக வெட்டி, நுனியில் வைத்து, சைக்கிள் டியூப் துண்டால் இறுக்கிக் கட்டுங்கள். தோய்த்ததும் ஒருமுறை பிழிந்துவிட வேண்டும், இல்லாவிட்டால் முதல் எழுத்தே குளமாகிவிடும். மடுவத்தில் எழுதுவதென்றால் முன்கூட்டியே கேட்டுவிடுங்கள். கொழுந்து நிறுக்க வருகிறவர்கள் ஈரத்தில் வழுக்கினால் ஏச்சு முழுக்க உங்களுக்குத்தான்.