ஜிம்னியின் பின்னால் 14 அடிப் படகு: எடையும் பிரேக்கும் பற்றி ஒரு விளக்கம்

மலேசியாவின் பினாங்கு மாநிலத்தில், சிம்பாங் அம்பாட்டில் வசிக்கும் வாசகர் ஒருவர் இப்படிக் கேட்டிருக்கிறார்: "என்னிடம் மூன்று கதவு சுசுகி ஜிம்னி, ஆட்டோ கியர் கொண்ட சிறிய நான்கு சக்கர இயக்க வண்டி இருக்கிறது. நண்பர் ஒருவர் தமது 14 அடி ஃபைபர் படகை 40 குதிரைத்திறன் நான்கு ஸ்ட்ரோக் எஞ்சினோடும் டிரெய்லரோடும் சேர்த்து விற்கிறார். மாதம் இரண்டு முறை இரண்டாம் பாலம் வழியாகப் பினாங்குத் தீவுக்குப் போய், தென்கரையில் படகை இறக்கி மீன்பிடிக்க நாங்கள் நான்கு பேர் திட்டமிட்டிருக்கிறோம். ஜிம்னி 1,300 கிலோ வரை இழுக்கும் என்று படித்தேன். அப்படியானால் கவலைப்பட ஒன்றுமில்லைதானே?"

நீங்கள் படித்த எண் சரியானது. ஆனால் அது பாதிச் செய்திதான். ஐரோப்பாவிலும் ஆஸ்திரேலியாவிலும் விற்கப்பட்ட மூன்று கதவு ஜிம்னிக்கு உற்பத்தியாளர் இரண்டு வரம்புகளைத் தருகிறார்: டிரெய்லருக்குச் சொந்த பிரேக் இருந்தால் 1,300 கிலோ, இல்லாவிட்டால் 350 கிலோ. உங்கள் வண்டியின் கையேட்டிலும், டிரெய்லரை இழுக்கக் காரின் பின்னால் நீங்கள் பொருத்தப்போகும் டோ பார் தகட்டிலும் என்ன எழுதியிருக்கிறது என்று பார்த்து, இருப்பதில் மிகக் குறைந்த எண்ணையே உங்கள் வரம்பாகக் கொள்ளுங்கள். இரண்டு வரம்புகளுக்கும் இடையே இவ்வளவு தூரம் இருப்பதற்குக் காரணம் எஞ்சின் அல்ல. ஜிம்னியின் எடையே ஏறத்தாழ 1,100 கிலோதான். முன்னால் டிஸ்க்கும் பின்னால் டிரம்மும் கொண்ட அதன் பிரேக்குகள் அந்த எடையை நிறுத்துவதற்காக அமைக்கப்பட்டவை. பின்னாலிருந்து அரை டன்னுக்கு மேல் தள்ளிக்கொண்டு வரும்போது, நனைந்த சாலையில், முன்னே ஒரு மோட்டார் சைக்கிள் திடீரென்று குறுக்கிட்டால், 1.5 லிட்டர் எஞ்சினின் 102 குதிரைத்திறன் உங்களுக்கு எந்த வகையிலும் உதவாது.

ஆகவே முதலில் எடையைக் கணக்கிடுவோம். 14 அடி ஃபைபர் படகின் கூடு மட்டும் 250 முதல் 300 கிலோ வரை இருக்கும். 40 குதிரைத்திறன் நான்கு ஸ்ட்ரோக் எஞ்சின் ஏறக்குறைய 100 கிலோ. 25 லிட்டர் பெட்ரோல் 19 கிலோ. பேட்டரி, நங்கூரம், கயிறு, உயிர்காப்பு அங்கிகள், ஐஸ் நிரப்பிய பெட்டி எல்லாம் சேர்த்து 80 கிலோவைத் தாராளமாகத் தொடும். டிரெய்லர் 180 கிலோ என்று வைத்துக்கொண்டாலும் மொத்தம் 630 முதல் 680 கிலோ ஆகிவிடுகிறது. என் கணக்கை அப்படியே நம்ப வேண்டாம்; பழைய இரும்பு வாங்கும் இடங்களில் எடைமேடை இருக்கும், சிறு தொகை கொடுத்து, படகை முழுச் சாமான்களோடு ஏற்றி நிறுத்திப் பாருங்கள். பிரேக் இல்லாத டிரெய்லருக்கான வரம்பைப் போல ஏறத்தாழ இரண்டு மடங்கு எடை அது என்பதை உங்கள் கண்ணாலேயே காண்பீர்கள்.

எனவே, உங்கள் கேள்விக்கு என் பதில்: நண்பரின் டிரெய்லரில் வேலை செய்யும் பிரேக் இருந்தால் மட்டும் வாங்குங்கள். "இருக்கிறது" என்பதற்கும் "வேலை செய்கிறது" என்பதற்கும் உள்ள வேறுபாடு கடல்நீரில் மூழ்கி எழும் டிரெய்லரில் மிகப் பெரியது. சிறிய டிரெய்லர்களில் பெரும்பாலும் இருப்பது உந்து பிரேக்: கார் வேகம் குறையும்போது டிரெய்லர் முன்னோக்கித் தள்ளும், அந்த உந்துதலில் இணைப்புத் தண்டு உள்வாங்கிக் கேபிளை இழுக்கும், கேபிள் சக்கர பிரேக்கைப் பிடிக்கும். அந்தத் தண்டு துருவேறி அசையாமல் நின்றுவிட்டால், வெளிப்பார்வைக்கு எல்லாம் ஒழுங்காகவே இருக்கும், பிரேக் மட்டும் இருக்காது. வாங்குவதற்கு முன் ஒரு சக்கரத்தை ஜாக்கியில் தூக்கி, கையால் சுழற்றிவிட்டு, டிரெய்லரின் கைப்பிரேக் நெம்புகோலை இழுக்கச் சொல்லுங்கள். சக்கரம் உடனே நிற்க வேண்டும். விட்டதும் உரசலின்றிச் சுழல வேண்டும். இரண்டு சக்கரங்களையும் இப்படிச் சோதியுங்கள். பிறகு இணைப்புத் தண்டைக் கையால் பலமாக உள்ளே தள்ளிப் பாருங்கள். அது நகர்ந்து, விட்டதும் திரும்பி வர வேண்டும்.

அடுத்தது நீங்கள் கேட்காத ஒன்று. ஆனால் எனக்கு அதிகக் கவலை தருவது அதுதான். ஜிம்னியின் அனுமதிக்கப்பட்ட மொத்த எடை, ஆட்களும் சாமான்களும் சேர்த்து, 1,435 கிலோ. வண்டியின் எடை போக மிஞ்சுவது 300 கிலோவுக்குச் சற்று அதிகம். காரும் டிரெய்லரும் இணையும் கொளுவியின் மீது டிரெய்லர் அழுத்தும் எடையும் இந்தக் கணக்கில்தான் சேரும். 75 கிலோ வீதம் நான்கு பேர் 300 கிலோ, அந்த அழுத்தம் 50 கிலோ; வரம்பு கடந்துவிட்டது, இன்னும் தூண்டில் பெட்டியைக்கூட ஏற்றவில்லை. ஜிம்னியில் இருவர் போங்கள். மற்ற இருவர் வேறு காரில் பின்னால் வரட்டும். பின்னால் வருபவர்கள் டிரெய்லர் விளக்குகளையும் சக்கரத்தையும் கவனித்துக்கொண்டே வரலாம் என்பது கூடுதல் நன்மை.

கொளுவியின் மீதான அழுத்தம் எவ்வளவு இருக்க வேண்டும்? டிரெய்லரின் மொத்த எடையில் 7 முதல் 10 விழுக்காடு நல்லது. உங்கள் படகுக்கு 45 முதல் 65 கிலோ. டோ பார் தகட்டில் இதற்கும் ஓர் உச்சவரம்பு இருக்கும், அதைத் தாண்டக் கூடாது. அளப்பதற்கு வீட்டுக் குளியலறைத் தராசே போதும். சமதரையில் டிரெய்லர் சக்கரங்களுக்குக் கட்டை வைத்து, தராசின் மேல் ஒரு மரக்கட்டையை நிறுத்தி, காரில் கொளுவும் அதே உயரத்தில் டிரெய்லரின் மூக்கை அதன் மீது இறக்குங்கள். எண் குறைவாக இருந்தால் சாமான்களை முன்னே நகர்த்துங்கள். அச்சுக்கும் கொளுவிக்கும் இடையே 4 மீட்டர் இருக்கும் டிரெய்லரில், 20 கிலோ பெட்ரோல் தொட்டியைப் பின்னாலிருந்து 2 மீட்டர் முன்னே தள்ளினால் மூக்கில் 10 கிலோ கூடும்.

இந்தச் சிறிய வேலையை நான் இவ்வளவு வற்புறுத்துவதற்குக் காரணம் இருக்கிறது. ஜிம்னியின் முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் இடையே 2,250 மில்லிமீட்டர்தான். படகிலோ கனமான எஞ்சின் கடைசி முனையில் தொங்குகிறது. மூக்கில் எடை குறைந்தால் டிரெய்லர் இடமும் வலமும் ஆடத் தொடங்கும், குட்டையான வண்டியின் பின்புறத்தை அது எளிதாக இழுத்தடிக்கும். இரண்டாம் பாலத்தில் கடலின் மேல் மட்டும் 16.9 கிலோமீட்டர் போக வேண்டும். பக்கக் காற்றைத் தடுக்க அங்கே ஒன்றுமில்லை. 60 அல்லது 70 கிலோமீட்டர் வேகத்தில் இடது தடத்திலேயே செல்லுங்கள். ஆட்டம் தொடங்கினால் பிரேக்கை மிதிக்க வேண்டாம், ஸ்டியரிங்கை எதிர்த்துத் திருப்பவும் வேண்டாம். ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்துவிட்டு, ஸ்டியரிங்கை நேராகப் பிடித்து, வேகம் தானாகக் குறையும் வரை பொறுத்திருங்கள். பாலத்தில் பின் சக்கரங்கள் மட்டும் இயங்கும் 2எச் நிலையிலேயே ஓட்டுங்கள். முன் பின் அச்சுகள் வெவ்வேறு வேகத்தில் சுழல வழிவிடும் நடு டிஃபரன்ஷியல் ஜிம்னியில் கிடையாது. பிடிப்புள்ள தார்ச்சாலையில், நான்கு சக்கரங்களும் இயங்கும் 4எச்சில் ஓட்டினால் திருப்பங்களில் பற்சக்கரங்கள் இறுகும்.

நான்கு சக்கர இயக்கம் உண்மையில் தேவைப்படும் இடம் படகு இறக்கும் சரிவு. பினாங்கில் ஒரு நாளில் இருமுறை கடல் ஏறி இருமுறை வற்றுகிறது. பௌர்ணமி, அமாவாசையை ஒட்டிய நாட்களில் ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் இடையே 2 மீட்டருக்கு மேல் வேறுபாடு வரும். நீர் வற்றிய நேரத்தில் சரிவின் கீழ்ப்பகுதியில் பாசி வழவழவென்று கிடக்கும். அதற்கும் கீழே போனால் கான்கிரீட் முடியும் விளிம்பில் டிரெய்லர் சக்கரம் சேற்றில் விழும். ஆகவே ஏறும் நீரில், பாதி ஏற்றத்துக்குப் பிறகு இறக்குங்கள். முதலில் வெறும் காலோடு இறங்கி நடந்து, விளிம்பு எங்கே இருக்கிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள். சரிவின் மேலேயே வண்டியை நிறுத்தி, கியரை நியூட்ரலுக்கு (N) கொண்டுவந்து, நான்கு சக்கரங்களும் தாழ்ந்த கியரில் இயங்கும் 4எல் போடுங்கள். இழுப்பதற்கு மட்டுமல்ல, நிற்பதற்கும் இது வேண்டும். கைப்பிரேக் பின் சக்கரங்களை மட்டுமே பிடிக்கிறது. அந்தச் சக்கரங்கள்தான் பாசியில் நிற்கின்றன. 4எல்லில் முன் அச்சும் பின் அச்சோடு பூட்டப்படுவதால் உலர்ந்த தரையில் நிற்கும் முன் சக்கரங்களும் வண்டியைத் தாங்கும். ஆனாலும் சக்கரத்துக்குக் கட்டை வைக்காமல் யாரும் வண்டியைவிட்டு இறங்க வேண்டாம். ஏறி முடித்துத் திரும்பும் முன், மறுபடி 2எச்.

பின்னோக்கிச் செல்ல ஓர் எளிய வழி: ஸ்டியரிங்கின் அடிப்பகுதியைக் கையால் பிடித்துக்கொள்ளுங்கள், டிரெய்லர் எந்தப் பக்கம் போக வேண்டுமோ அந்தப் பக்கம் கையை நகர்த்துங்கள். பழைய உந்து பிரேக்குகளில் பின்னோக்கித் தள்ளும்போதும் பிரேக் பிடித்துக்கொள்ளும். அதைத் தடுக்கும் பூட்டு இருக்கிறதா என்று நண்பரிடம் கேளுங்கள். படகின் அடித்துளைக்கு மூடி போட்டாயிற்றா என்பதைச் சரிவின் மேலேயே கைவைத்துப் பாருங்கள்.

தண்ணீருக்குள் போகும் முன் 20 நிமிடமாவது காத்திருங்கள். ஓடி வந்த சக்கரத்தின் நடுப்பகுதி சூடாக இருக்கும். அது குளிர்ந்த நீரில் சட்டென்று மூழ்கினால் உள்ளிருக்கும் காற்று சுருங்கி, நீர் புகாமல் காக்கும் சீலின் வழியே கடல்நீரை உறிஞ்சிக்கொள்ளும். புறங்கையால் தொட்டுப் பாருங்கள், வெதுவெதுப்பு அடங்கியிருக்க வேண்டும். அப்படிக் காத்திராத ஒருவருடைய டிரெய்லரை நான் ஒருமுறை பிரித்தேன். மூடியைக் கழற்றியதும் உள்ளே இருந்த கிரீஸ், ஆற்றி வைத்த தே தாரேக் பால் தேநீரின் நிறத்தில் நுரைத்துக் கிடந்தது. பேரிங் உருளைகள் விரல் பட்டதுமே சொரசொரத்தன. இன்னும் சில பயணங்களில் அந்தச் சக்கரம் சாலையில் கழன்றிருக்கும். கடல்நீரைத் தாங்கும் கிரீஸையே பயன்படுத்துங்கள். ஒவ்வொரு முறையும் வீடு திரும்பியதும் சக்கரங்களையும் பிரேக்கையும் ஜிம்னியின் அடிச்சட்டத்தையும் நல்ல தண்ணீரில் கழுவுங்கள்.

கொளுவிப் பந்தின் தலையில் பொறித்திருக்கும் அளவையும் பாருங்கள். பந்தின் அளவும் டிரெய்லர் கொளுவியின் அளவும் ஒன்றாக இருக்க வேண்டும்; ஒன்றிரண்டு மில்லிமீட்டர் குறைந்த பந்தும் மேட்டில் குலுங்கும்போது கழன்றுவிடலாம். பாதுகாப்புச் சங்கிலிகளைக் கொளுவிக்கு அடியில் குறுக்காக மாட்டுங்கள். டோ பார் பொருத்துவதற்கும் டிரெய்லரைச் சாலையில் ஓட்டுவதற்கும் என்ன அனுமதி வேண்டும் என்பதை, பணம் கொடுப்பதற்கு முன்பே, சாலைப் போக்குவரத்து இலாகா முகப்பில் நேரில் கேட்டு எழுத்துமூலம் வாங்கிக்கொள்ளுங்கள். காப்புறுதி நிறுவனத்துக்கும் தெரிவியுங்கள்.

நண்பரின் டிரெய்லரில் பிரேக் இல்லையென்றால், அல்லது அதைச் சீராக்கும் செலவு மலைப்பாக இருந்தால், 12 அடி அலுமினியப் படகைத் தேடுமாறு சொல்வேன். கூடு 90 கிலோ, 15 குதிரைத்திறன் எஞ்சின் 50 கிலோவுக்குள், இலேசான டிரெய்லர் 110 கிலோ, சாமான்கள் 50 கிலோ என்று பார்த்தால் மொத்தம் 300 கிலோதான். பிரேக் இல்லாத வரம்புக்குள்ளேயே அடங்கிவிடும். அதில் ஒரு முறைக்கு இருவர்தான் வசதியாகப் போக முடியும். நால்வரும் முறைவைத்துப் போக உடன்படுகிறீர்களா என்பதை நண்பர்களோடு பேசிவிட்டு, அதன்பின் படகுக்கு முன்பணம் கொடுங்கள்.