முன்பணத்துக்கு முன்னால் பன்னிரண்டு பேர்

கேள்வி: சென்னையில் மென்பொருள் நிறுவனத்தில் பணியாற்றிவிட்டுச் சொந்த ஊரான கும்பகோணத்துக்குத் திரும்பியிருக்கிறேன். மகாமகக் குளத்துக்கு அருகே முதல் மாடியில் 1,800 சதுர அடி இடம், மாதம் 35,000 ரூபாய் வாடகைக்கும் பத்து மாத அட்வான்ஸுக்கும் கிடைக்கிறது. 30 இருக்கைகள் போட்டு, இருக்கைக்கு மாதம் 3,500 ரூபாய் வாங்கி கோ-ஒர்க்கிங் (பலரும் மேசையை வாடகைக்கு எடுத்து அவரவர் வேலையைப் பார்க்கும் பொது அலுவலகம்) நடத்த எண்ணம். திறந்துவிட்டு ஆட்களைச் சேர்ப்பதா, சேர்த்துவிட்டுத் திறப்பதா? இந்த வாரமே முன்பணம் கொடுக்காவிட்டால் இடம் கைவிட்டுப் போகும் என்கிறார் தரகர்.

பதில்: முன்பணம் கொடுக்காதீர்கள். ஆட்களைச் சேர்த்த பிறகே இடம் பிடிக்க வேண்டும். கும்பகோணத்தில் முதல் மாடிகளுக்குப் பஞ்சமில்லை. இந்த வாரத்தோடு போய்விடும் என்று தரகர்கள் சொல்லும் இடங்கள் ஆறு மாதம் கழித்தும் "வாடகைக்கு" என்ற பலகையோடு நிற்பதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன்.

உங்கள் கணக்கையே எடுத்துக்கொள்வோம். வாடகை, மின்கட்டணம், இரண்டு நிறுவனங்களின் இணைய இணைப்பு, ஜெனரேட்டர் டீசல், துப்புரவு, ஓர் ஊழியர் எல்லாம் சேர்ந்து மாதம் 80,000 ரூபாய் ஆகிறது என்று வைத்துக்கொண்டால், கையைக் கடிக்காமல் இருக்கவே 23 இருக்கைகள் நிரம்ப வேண்டும். கோ-ஒர்க்கிங் முறையைத் தொடங்கியவராகக் கருதப்படும் பிராட் நியூபெர்க், 2005 ஆகஸ்டில் சான் பிரான்சிஸ்கோவில் பிறர் நடத்திவந்த ஓரிடத்தில் வாரத்துக்கு இரண்டு நாள் மட்டுமே மேசை போட்டார். அதற்கும் முதல் மாதம் ஒருவரும் வரவில்லை. பிலடெல்பியாவில் 2007இல் இண்டி ஹால் என்ற கோ-ஒர்க்கிங் இடத்தைத் திறந்த அலெக்ஸ் ஹில்மன் குழுவினர், அதற்கு முன்பே காப்பிக் கடைகளில் கூடிப் பழகி, பிறகுதான் இடம் தேடினார்கள்.

நீங்களும் வாரம் ஒரு நாள், ஒரே கிழமையில், ஒரே இடத்தில் கூட்டிப் பாருங்கள். ஆடியில் முகூர்த்தம் இல்லாததால் சிறிய திருமண மண்டபங்களின் சாப்பாட்டுக் கூடங்கள் காலியாக இருக்கும். மேசை, நாற்காலி, ஜெனரேட்டர் மூன்றும் அங்கேயே உண்டு. நாள் வாடகைக்குப் பேசினால் கொடுப்பார்கள். முதல் நாளிலிருந்தே தலைக்கு 100 ரூபாயாவது வாங்குங்கள். இலவசம் என்றால் டி.என்.பி.எஸ்.சி. தேர்வுக்குப் படிக்கும் பிள்ளைகள் காலை எட்டு மணிக்கே நிரம்பிவிடுவார்கள். அவர்கள்மீது எனக்கு மரியாதை உண்டு, ஆனால் அவர்களுக்கு வேண்டியது அமைதி, உங்கள் வாடிக்கையாளருக்கு வேண்டியது போனில் பேச இடம்.

நான்காவது வாரமும் வருகிறவரே உங்கள் ஆள். அவரிடம் நேரம், போக்குவரத்து, கழிப்பறை எல்லாவற்றையும் கேளுங்கள். அமெரிக்க நிறுவனத்துக்கு வேலை செய்பவர் இரவு இரண்டு மணி வரை திறந்திருக்க வேண்டும் என்பார். திருமணமாகி இவ்வூருக்கு வந்து வீட்டிலிருந்தே பெங்களூரு வேலையைப் பார்க்கும் பெண், மாடிப்படியில் விளக்கு உண்டா என்றுதான் முதலில் கேட்பார். இவையெல்லாம் தெரியாமல் கட்டடம் பிடிப்பது, அளவெடுக்காமல் சட்டை தைப்பது. இவர்களில் 12 பேர், அதாவது அந்த 23 இருக்கைகளில் ஏறக்குறைய பாதிக்கான ஆட்கள், ஒரு மாதக் கட்டணத்தை, இடம் திறக்காவிட்டால் திருப்பித் தரப்படும் என்ற எழுத்துப்பூர்வமான ரசீதோடு, முன்கூட்டிக் கட்ட வேண்டும். அந்தப் பணத்தைத் தனிக் கணக்கில் தொடாமல் வையுங்கள். வாட்ஸ்அப் குழுவில் 300 பேர் கட்டைவிரல் உயர்த்துவதை நான் கணக்கில் சேர்ப்பதில்லை. அந்த 300 பேரைச் சேர்த்துக் கொடுக்கிறேன் என்று "தொடக்க விழாத் தொகுப்பு" விற்கும் ஆலோசகர்களை வாசலிலேயே திருப்பி அனுப்புங்கள். விழா முடிந்ததும் ரிப்பன் மட்டும்தான் மிஞ்சும்.

இப்போதைக்கு வீட்டு மின் இணைப்பிலேயே ஓட்டலாம் என்பார் தரகர். அது அனுமதியற்ற பயன்பாடு. 2003ஆம் ஆண்டின் மின்சாரச் சட்டத்தின் 126ஆம் பிரிவு, இரு மடங்கு கட்டணத்தை உங்கள் தலையில் வைக்கும். பதினோரு மாதப் பத்திரத்துக்குப் பதிவு வேண்டாம் என்பதும் பழைய கதை. 2019இல் நடைமுறைக்கு வந்த வாடகைச் சட்டத்தின்படி, எத்தனை மாதத்துக்கானாலும் ஒப்பந்தத்தை எழுதி வாடகை அதிகார அமைப்பிடம் பதிய வேண்டும்.

 உங்கள் ஊரில் இவற்றைவிடப் பெரிய விஷயம் ஒன்று உண்டு. மகாமகக் குளத்தைச் சுற்றிய தெருக்களில், கட்டடம் ஒருவருடையதாகவும் அது நிற்கும் நிலமான அடிமனை கோயிலுடையதாகவோ மடத்துடையதாகவோ இருக்கலாம். அப்படியானால் உங்கள் "உரிமையாளர்" அந்த மண்ணுக்கு வெறும் வாடகைதாரர். உள்வாடகைக்கு விட அவருக்கு அனுமதி உண்டா என்பதே முதல் கேள்வி. 1959ஆம் ஆண்டின் அறநிலையச் சட்டத்தின் 34ஆம் பிரிவின்படி, ஐந்து ஆண்டுகளுக்கு மேற்பட்ட குத்தகை அறநிலையத் துறை ஆணையரின் அனுமதி இல்லாமல் செல்லாது. உங்கள் "உரிமையாளரின்" குத்தகைக் காலம் முடிந்திருந்தால், அவர் 78ஆம் பிரிவின்கீழ் ஆக்கிரமிப்பாளராகவே கருதப்படலாம். நீங்கள் போட்ட தடுப்புச் சுவரும் குளிர்சாதனமும் அந்த வழக்கில் சிக்கிக்கொள்ளும். வில்லங்கச் சான்று பார்த்துவிட்டேன் என்று நிம்மதியடையாதீர்கள். அதில் பதிவான பத்திரங்கள் மட்டுமே வரும், கோயில் மனை என்பது வராமலே போகலாம். நகர நில அளவைப் பதிவேட்டில் யார் பெயர் இருக்கிறது என்று பாருங்கள்; கடைசியாகக் கட்டிய அடிமனை வாடகை ரசீதைக் கேளுங்கள், ரசீதில் இருக்கும் பெயரும் ஒப்பந்தத்தில் இருக்கும் பெயரும் ஒன்றா என்று சரிபாருங்கள். கோயில் செயல் அலுவலரிடம் போனால் வட்டாட்சியரைக் கேள் என்பார்கள், வட்டாட்சியர் அலுவலகத்தில் கோயிலைக் கேள் என்பார்கள். ஒரு பதிவேட்டைக் காட்டுவதற்கு இத்தனை நடை எதற்கு என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. ஆட்களைச் சேர்க்கும் மூன்று நான்கு மாதங்களில் இந்த நடையையும் நடந்துவிடலாம்.

ஆடியில் கூட்டத்தைத் தொடங்கினால் ஐப்பசிக்குள் 12 பேர் சேர்கிறார்களா என்பது தெரிந்துவிடும். பார்த்துவைத்த இடத்துக்கு ஐப்பசி, கார்த்திகை மழையில் இரண்டு முறை நேரில் போய், மின்சாரமும் இணையமும் எத்தனை மணி நேரம் நிற்கின்றன என்று குறித்துக்கொள்ளுங்கள். இரண்டும் தேறினால் தையில் திறக்கலாம். 12 பேர் சேராவிட்டால், அவர்கள் கட்டிய தொகையைத் திருப்பிக் கொடுத்துவிட்டு மண்டபக் கூட்டத்தையே இன்னும் சில மாதம் நடத்துங்கள்.